சாலைக்கு அடியில் தேங்கும் தண்ணீர்: கண்டுபிடிப்பது முதல் வெளியேற்றுவது வரை

மழை விட்டு மூன்றாவது நாள் காலையில் ஒரு கிராமச் சாலையில் நடந்து பாருங்கள். நடுச்சாலை வெளுத்துக் காய்ந்திருக்கும். ஆனால் தார் முடிகிற ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு ஈரம் கறுப்பாகத் தெரியும். வெடிப்பு உள்ள இடத்தில் பால் போன்ற சேறு கசிந்து வெள்ளைத் திட்டாகக் காய்ந்திருக்கும். லோடு ஏற்றிய டிராக்டர் ஒன்று அதன்மேல் போனால் அதே வெடிப்பில் மறுபடியும் ஈரம் துளிர்க்கும். வானத்தில் மேகமே இல்லை. அந்தத் தண்ணீர் சாலைக்குள்ளிருந்து வருகிறது.

அந்த இடத்தில்தான் அடுத்த குழி விழும். பேட்ச் போடுவார்கள், ஆறு மாதத்தில் பேட்சும் பெயரும். தார் சரியில்லை என்று எல்லோரும் பேசுவோம். நான் தோண்டிப் பார்த்த பெரும்பாலான இடங்களில் தார் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதற்குக் கீழே ஜல்லியும் கிராவலும் ஊறிப்போய்க் கிடந்தன. அந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்து வெளியே அனுப்புவது எப்படி என்று, களத்தில் நிற்கிற இளம் பொறியாளர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஊராட்சியில் சாலை வேலையைக் கவனிப்பவர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

கணக்குகளுக்கு ஒரே சாலையை வைத்துக்கொள்வோம். டெல்டாவில் வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றை வழிச் சாலை. தார் 3.75 மீட்டர், இரண்டு பக்கமும் பெர்ம் எனப்படும் மண் ஓரம் 1.875 மீட்டர், மொத்தம் 7.5 மீட்டர்.

ஈரம் ஜல்லியை என்ன செய்கிறது

கீழிருந்து மேலாகப் பார்த்தால் முதலில் ரோலர் போட்டு இறுக்கிய அடிமண். அதன்மேல் ஜிஎஸ்பி என்று நாம் சொல்லும் கிராவல் அல்லது கல் கலவை. அதன்மேல் வெட்மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த கல் கலவை) அல்லது ஜல்லி. கடைசியில் தார். வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் நடுவில் உள்ள இரண்டு அடுக்குகள். கல்லும் கல்லும் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டு பாரத்தைப் பரப்பிக் கீழே அனுப்புகின்றன.

கற்களுக்கு இடையில் உள்ள சந்துகள் தண்ணீரால் நிரம்பிவிட்டால் கதை மாறுகிறது. சக்கரம் ஏறும் அந்த ஒரு நொடிக்குள் தண்ணீருக்கு நகர்ந்து போக நேரம் இல்லை. பாரத்தில் ஒரு பங்கைத் தண்ணீரே ஏற்கிறது, கற்களின் பிடி தளர்கிறது. சக்கரம் கடந்ததும் அமுங்கிய தண்ணீர் வெடிப்பு வழியாகப் பீறிட்டு வெளியே வருகிறது, வரும்போது நுண்துகளையும் அள்ளிக்கொண்டு வருகிறது. முதலில் சொன்ன வெள்ளைத் திட்டு அதுதான். ஆயிரம் சக்கரம் போனால் உள்ளே ஒரு பொந்து உருவாகிவிடும். மேலே தார் தனியாகத் தொங்கும், பிறகு உடையும்.

இது புதிதாகத் தெரிந்த விஷயம் இல்லை. ஸ்காட்லாந்தில் 1756-ல் பிறந்த ஜான் மெக்காடம், பாரத்தைக் கடைசியில் தாங்குவது அடிமண்தான், அதை ஈரம் படாமல் காப்பதே சாலை போடுபவரின் வேலை என்று விடாமல் வாதாடினார். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே, அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷோவின் சோதனைச் சாலையில் இரவு பகலாக லாரி ஓட்டிப் பார்த்தார்கள். பனி உருகி அடுக்குகள் ஊறியிருந்த வசந்த மாதங்களில்தான் சேதம் வேகமாகக் கூடியது. நமக்குப் பனி கிடையாது. அந்த வேலையை வடகிழக்குப் பருவமழை செய்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது.

இதனால்தான் அடிமண்ணின் பலத்தைக் காட்டும் சிபிஆர் மதிப்பை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறோம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் கடப்பாரை இறங்காத அளவு கெட்டியாக இருக்கும். ஊறவைத்து எடுத்தால் சிபிஆர் 2, 3 என்று வந்து நிற்கும். அந்த எண்ணை வைத்துச் சாலையைத் தடிமனாகப் போடலாம், தப்பில்லை. ஆனால் தண்ணீருக்கு வழி விடாமல் தடிமனை மட்டும் கூட்டினால் தண்ணீர் நிற்க இன்னும் பெரிய இடம் கொடுத்ததாகிவிடும்.

எந்த வழியாக நுழைகிறது

மேலிருந்து வருவதுதான் நம் கண்ணுக்குப் படும்: தாரில் உள்ள வெடிப்பு, குழி, தாரும் பெர்மும் சேரும் இடத்து இடைவெளி. இதில் கடைசியாகச் சொன்னது மிக மோசமானது, ஏனென்றால் சாலையில் விழும் மழை முழுவதும் அந்தக் கோட்டைக் கடந்துதான் போக வேண்டும்.

பக்கத்திலிருந்தும் வரும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. குறுவை, சம்பா என்று ஜனவரி வரை வயலில் தண்ணீர் நிற்கும். சாலையின் அடி வயல் மட்டத்தை ஒட்டியே இருந்தால், மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் ஈரத் துணி சுற்றி வைத்தது போலத்தான்.

கீழிருந்து வருவது மண்ணின் நுண்துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. பருமணலில் சில சென்டிமீட்டர்தான் ஏறும். வண்டலில் ஒரு மீட்டரைத் தாண்டும், களியில் அதற்கும் மேல். ஆகவே நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

அப்புறம் பலரும் மறந்துவிடும் ஒன்று, குடிநீர்க் குழாய் கசிவு. கோடையிலும் ஒரே இடம் மட்டும் ஈரமாக இருந்தால், சாலையைத் தோண்டும் முன் குழாய் வால்வைப் பாருங்கள்.

முதல் படி: சரியான நாளில் நடந்து பாருங்கள்

மழை பெய்யும்போது ஒரு முறை, விட்டு மூன்றாம் நாள் ஒரு முறை. பெய்யும்போது தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பது தெரியும். மூன்றாம் நாள் எங்கே வெளியேறாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். இரண்டாவது நடைதான் எனக்கு எப்போதும் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஓரத்து ஈரக்கோடு, வெள்ளைத் திட்டு, சக்கரத் தடத்தில் முதலைத் தோல் போன்ற வெடிப்பு, பெர்மில் மற்ற இடம் காய்ந்தும் ஒரு துண்டில் மட்டும் பச்சையாக நிற்கும் கோரை, நாணல். இவை ஒவ்வொன்றையும் நூறு மீட்டருக்கு ஒரு வரி என்று நோட்டில் எழுதுங்கள். செல்போனில் படம் எடுத்தால் அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லையும் சேர்த்து எடுங்கள். சேதம் எந்தப் பக்கம் என்பதையும் குறியுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து கெட்டிருந்தால் அந்தப் பக்கம் வாய்க்கால் ஓடும், அல்லது வடிகால் அடைபட்டிருக்கும்.

இரண்டாம் படி: ஒரு குழி வெட்டுங்கள்

எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது. மோசமான இடத்தில் தாரின் விளிம்பை ஒட்டி, பாதி தாரிலும் பாதி பெர்மிலுமாக, முக்கால் மீட்டர் சதுரத்துக்கு ஒரு குழி. அடிமண் தெரியும்வரை இறங்குங்கள். நல்ல இடத்தில் இன்னொன்று வெட்டினால் ஒப்பிட முடியும்.

வயல்வெளிச் சாலை ஒன்றில் இப்படி வெட்டியது நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. தாருக்குக் கீழே முதல் ஒரு சாண் ஜல்லி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். 40 சென்டிமீட்டர் ஆழத்தில், கிராவல் முடிந்து களி தொடங்கும் கோட்டில், தண்ணீர் கசிய ஆரம்பித்தது. முதலில் வியர்வை போல, பிறகு நூலாக. கால் மணி நேரத்தில் குழியின் அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். எதிர்ப்பக்கம், பெர்ம் பக்கத்துச் சுவரில் இறுகிய களிமண், துளி ஈரம் இல்லை. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது தொட்டி கட்டி வச்ச மாதிரில்ல இருக்கு" என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பது அந்த ஒரு வரிதான்.

குழியிலிருந்து அடுக்கு வாரியாக மண் எடுத்து, உடனே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். ஆய்வகத்தில் 105 முதல் 110 டிகிரி வெப்பத்தில் உலர்த்தினால் ஈரப்பதம் கிடைக்கும். அவசரமென்றால் கால்சியம் கார்பைடு போட்டுப் பார்க்கும் ஈரப்பத மீட்டர் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அதே மண்ணின் பிராக்டர் சோதனையில் (எவ்வளவு ஈரத்தில் மண் மிக நன்றாக இறுகும் என்று பார்ப்பது) வந்த உகந்த ஈரப்பதத்தோடு இதை ஒப்பிடுங்கள். அதைவிட மிகுதியாக இருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து சேர்ந்திருக்கிறது.

கிராவலின் தரத்தைக் கையாலேயே ஓரளவு அறியலாம். ஈரக் கிராவலை ஒரு பிடி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். கொழுக்கட்டை போல நின்று, உள்ளங்கையில் சேறு அப்பினால் அதில் களி அதிகம். பிறகு ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிஎஸ்பியில் களியின் குணம் எவ்வளவு என்று காட்டும் இரண்டு எண்களில், நீர்ம வரம்பு 25-ஐயும் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 6-ஐயும் தாண்டக் கூடாது.

கூம்பு முனைக் கம்பியை அடித்து இறக்கி அடுக்குகளின் பலம் பார்க்கும் டிசிபி கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. 8 கிலோ சுத்தியலை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, ஒரு அடிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுதுவார்கள். நடுச்சாலையிலும் ஓரத்திலும் போட்டுப் பாருங்கள். முடிந்தால் ஏப்ரலில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை. நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அதிகாரியிடம் நீங்கள் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

மூன்றாம் படி: மேலே விழும் மழையை ஓரத்துக்கு அப்பால் தள்ளுங்கள்

தாரின் கேம்பர், அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கான சரிவு, 2.5 சதவீதம் என்றால் ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. நம் சாலையில் நடுவிலிருந்து விளிம்புக்குள் ஏறத்தாழ 4.7 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். பெர்ம் இதைவிடக் கூடுதலாகச் சரிய வேண்டும். 4 சதவீதம் வைத்தால் இன்னும் 7.5 சென்டிமீட்டர். ஆக, நடுச்சாலைக்கும் பெர்மின் வெளி விளிம்புக்கும் 12 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு மீட்டர் நீள அலுமினியக் கட்டையும் ரசமட்டமும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

நடைமுறையில் தலைகீழாக இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் தூசியும் புல்லும் சேர்ந்து பெர்ம் தாரைவிட இரண்டு விரற்கடை உயர்ந்துவிடும். சாலையில் விழுந்த தண்ணீர் அந்த வரம்பில் முட்டி, தாரின் விளிம்பிலேயே நின்று உள்ளே இறங்கும். பெர்ம் செதுக்குவது சாலைப் பராமரிப்பிலேயே மிகக் குறைந்த செலவுள்ள வேலை. ஒரு ஜேசிபியும் நான்கு ஆட்களும் போதும். செதுக்கிய மண்ணை வடிகாலுக்குள் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த இடங்களில் பாதியில் அதைத்தான் செய்கிறார்கள், ஒரு வழியைத் திறந்து இன்னொன்றை அடைத்துவிடுகிறார்கள்.

வெடிப்புகளை மழைக்கு முன் தண்ணீர் கலந்த தார் எமல்ஷன் ஊற்றி மூடுங்கள். ஆனால் இது நுழைவைக் குறைக்கும், நிறுத்தாது. எந்தத் தார்ச்சாலையும் முழுதாக நீர் புகாததாக இருக்காது. எனவே அடுத்த படிக்குத்தான் நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டும்.

நான்காம் படி: தொட்டியை உடையுங்கள்

பழைய கிராமச் சாலைகளில் பெரும்பாலானவை பாக்ஸ் கட்டிங் முறையில் போட்டவை. 3.75 மீட்டர் அகலத்துக்கு மட்டும் மண்ணைப் பெட்டி போல வெட்டி, அதற்குள் கிராவலையும் ஜல்லியையும் நிரப்பி, இரண்டு பக்கமும் களிமண் பெர்மை விட்டுவிடுவார்கள். பொருள் மிச்சம், வேலை சுலபம். ஆனால் அந்தப் பெட்டியில் விழுந்த தண்ணீருக்கு வாசல் கிடையாது.

எவ்வளவு தண்ணீர் என்று போட்டுப் பாருங்கள். கிராவலும் ஜல்லியும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1,125 கன மீட்டர். அதில் தண்ணீர் நிற்கக்கூடிய சந்து 10 சதவீதம் என்று வைத்தால் 1,12,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்பது லோடுக்கு மேல். அவ்வளவையும் சாலைக்குள் வைத்துக்கொண்டு அதன்மேல் கரும்பு லாரியை விடுகிறோம்.

புதிய சாலை என்றால் தீர்வு நேரடியானது. ஜிஎஸ்பி அடுக்கைத் தாரின் அகலத்தோடு நிறுத்தாமல், பெர்முக்கு அடியிலும் கொண்டுபோய்ச் சாலைக் கரையின் சரிவில் வெளியே தெரியும்படி முடியுங்கள். அதற்குக் கீழே உள்ள அடிமண்ணின் மேல்பரப்பும் அதே கேம்பரில் இருக்க வேண்டும். அடிமண் மட்டமாகவோ பள்ளமாகவோ இருந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை. எஸ்டிமேட்டில் பெர்முக்கு அடியில் போகும் கிராவலுக்குத் தொகை வைக்காவிட்டால் களத்தில் யாரும் போட மாட்டார்கள், ஆகவே இதைத் தாளிலேயே சரிசெய்ய வேண்டும்.

அப்படி விரித்த கிராவலும் சுத்தமாக இருக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. நடுச்சாலையிலிருந்து கரைச் சரிவு வரை 3.75 மீட்டர். சரிவு 2.5 சதவீதம், சந்து 10 சதவீதம். தண்ணீர் நகரும் வேகம், கிராவலின் நீர் கடத்தும் திறனைச் சரிவால் பெருக்கிச் சந்தால் வகுத்தால் வரும். தூசியும் களியும் கலந்த கிராவலின் திறன் நாளுக்கு 1 மீட்டர் என்றால், தண்ணீர் நாளுக்குக் கால் மீட்டர்தான் நகரும். வெளியே வர 15 நாள். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். நுண்துகள் நீக்கிய கலவையில் திறன் நாளுக்கு 100 மீட்டர் என்றால் நான்கு மணி நேரம்கூட ஆகாது. அமெரிக்க ஆஷ்டோ (ஆஷோவின் இன்றைய பெயர்) வடிவமைப்பு முறையில், தேங்கிய நீரில் பாதி ஒரு நாளில் வடிந்தால் நல்லது, ஒரு வாரம் எடுத்தால் சுமார், ஒரு மாதம் எடுத்தால் மோசம் என்று தரம் பிரிக்கிறார்கள். இரண்டு கிராவலும் லாரியில் வரும்போது பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் 75 மைக்ரான் சல்லடையில் தெரியும். அதில் கழுவிச் சலித்தால் வெளியேறும் தூள் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

ஏற்கெனவே போட்ட பெட்டிச் சாலைக்கு என்ன செய்வது? பெர்மைக் குறுக்கே வெட்டி வாசல் வையுங்கள். 10 மீட்டருக்கு ஒன்று, வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி. அகலம் ஒரு முழம். ஆழம், ஜிஎஸ்பியின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை. வெளிப்புறம் சரிவாக இருக்க வேண்டும். அதற்குள், மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, 20 அல்லது 40 மில்லிமீட்டர் சுத்தமான ஜல்லியை நிரப்பி, துணியை மேலே மடித்து, ஒரு சாண் மண் போட்டு மூடிவிடலாம். பள்ளமான இடங்களிலும், சாலை இறங்கி மீண்டும் ஏறும் தாழ்விலும் இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள். முன்பு சொன்ன வயல்வெளிச் சாலையில் இந்த வாசல்களைத்தான் வைத்தோம். முதல் பள்ளத்தை வெட்டி முடித்த உடனே உள்ளிருந்து கலங்கலாகத் தண்ணீர் வர ஆரம்பித்து, மறுநாள் மதியம் வரை நிற்கவே இல்லை.

துணி கிடைக்காவிட்டால் மணல் வடிகட்டி. அதற்கு, மண் இயக்கவியலின் முன்னோடி டெர்சாகி தந்த விதி இன்றும் பயன்படுகிறது. வடிகட்டியில் எடைப்படி 15 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ, அந்த அளவு, பக்கத்து மண்ணின் 85 சதவீத அளவைப்போல ஐந்து மடங்குக்குள் இருக்க வேண்டும். அப்போது மண் உள்ளே நுழையாது. அதே அளவு மண்ணின் 15 சதவீத அளவைப்போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். அப்போது தண்ணீர் தடையில்லாமல் வரும்.

ஐந்தாம் படி: வெளியே வந்த தண்ணீருக்கு இடம்

பக்கவாட்டு வடிகாலின் தரை, ஜிஎஸ்பியின் அடிமட்டத்தைவிடக் குறைந்தது ஒரு சாண் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் வடிகால் நிரம்பும்போது தண்ணீர் நாம் வைத்த வாசல் வழியாகவே திரும்பச் சாலைக்குள் வரும். வடிகாலுக்கும் ஒரு முடிவு வேண்டும்: சிறுபாலமோ ஓடையோ குளமோ. முடிவில்லாத வடிகால் நீளமான குட்டைதான்.

ஊருக்குள் கட்டும் சிமெண்ட் வடிகாலைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். மேலே ஓடும் தண்ணீரை அது நன்றாகவே கொண்டுபோகிறது. ஆனால் சாலையை ஒட்டிய அதன் சுவர், ஜல்லிக்குள் உள்ள தண்ணீருக்கு அணை. சுவர் எழுப்பும்போதே ஜிஎஸ்பி மட்டத்தில் வரிசையாக வீப் ஹோல் (தண்ணீர் கசிந்து வெளியேறும் துளை) விட்டு, பின்னால் ஜல்லிப் பொதி வைக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு துளை போடுவது பெரும்பாடு.

வயல் சூழ்ந்த சாலையில் அடிமண்ணின் மேல்மட்டம் உயர் வெள்ள மட்டத்துக்கு 0.6 முதல் 1 மீட்டர் மேலே இருப்பது பாதுகாப்பு. அவ்வளவு உயர்த்த வழியில்லை என்றால் கரைக்குள் பருமணல் அடுக்கு ஒன்றைக் குறுக்கே போட்டு, கீழிருந்து ஏறும் ஈரத்தைத் துண்டிக்கலாம். மலைச்சாலைக்கு வேறு வழி வேண்டும். கொடைக்கானல், நீலகிரி மலைப் பாதைகளில் மேட்டுப் பக்கத்துப் பாறை இடுக்கிலிருந்து ஊற்று நேராகச் சாலைக்கு அடியில் வரும். மேட்டுப் பக்கம் சாலையின் நீளவாக்கில் ஒரு மீட்டர் ஆழக் குழி எடுத்து, துளையிட்ட குழாயை ஜல்லிக்குள் பதித்து, தண்ணீரைச் சிறுபாலத்தில் சேர்க்க வேண்டும்.

ஐ.ஆர்.சி.யின் (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) எஸ்.பி. 42 சாலை வடிகாலுக்கென்றே உள்ள கையேடு, 2014-ல் திருத்தியது. எஸ்டிமேட் போடுகிறவர் மேசையில் அது இருக்கட்டும்.

ஆறாம் படி: போடும்போதே ஈரத்தைப் பூட்டாதீர்கள்

வெட்மிக்ஸைத் தண்ணீர் சேர்த்துத்தான் விரிக்கிறோம். ரோலர் ஓட்டி முடித்ததும் அந்த ஈரம் காய வேண்டும். காயும் முன்னே பிரைம் கோட் (தாருக்கு முன் தெளிக்கும் மெல்லிய பூச்சு) அடித்துத் தார் போட்டால் முதல் நாளிலிருந்தே உள்ளே ஈரம் பூட்டப்பட்டுவிடும். இரவு மழை பெய்திருந்தால் மறுநாள் மேல்பரப்பு வெளுத்திருப்பதை நம்பாதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் கடப்பாரையால் ஒரு சாண் கிளறி, உள்ளே உள்ள நிறத்தைப் பாருங்கள், ஈரப்பதம் எடுங்கள். "இன்னைக்கே போட்டாகணும்" என்று ஒப்பந்ததாரர் நெருக்குவார், பிளாண்டில் கலவை தயாராக இருக்கும். அந்த ஒரு நாளைத் தள்ளிப்போடும் துணிவு களப்பொறியாளருக்கு வேண்டும். அவருக்குப் பின்னால் மேலதிகாரியும் நிற்க வேண்டும்.

வேலை பாதியில் நின்று மழைக்காலம் குறுக்கிட்டால், திறந்த ஜிஎஸ்பியின் இரண்டு பக்கமும் பெர்மில் தற்காலிகமாகப் பள்ளம் வெட்டி விடுங்கள். மண்வெட்டி வேலைதான்.

வருடத்தில் செய்ய வேண்டியவை

செப்டம்பர் மாதத்துக்குள் பெர்ம் செதுக்குதல், வெடிப்பு மூடுதல், சிறுபாலத்தின் இரண்டு வாயிலும் உள்ள மண்ணையும் சீமைக்கருவேல முள்ளையும் அகற்றுதல். அக்டோபரில் முதல் பெருமழை விட்டதும் குறுக்கு வாசல்களின் வெளிமுனை ஒவ்வொன்றையும் பாருங்கள். சொட்டுகிறதா, கலங்கலா, தெளிவா என்று குறியுங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் நன்று. தொடர்ந்து கலங்கலாக வந்தால் வடிகட்டி தோற்று, உள்ளிருந்து மண் வெளியேறுகிறது, அந்த வாசலைத் திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். ஒன்றுமே வராமல் ஓரத்தில் ஈரக்கோடு மட்டும் தெரிந்தால் அது அடைபட்டிருக்கிறது. ஜனவரியில் டிசிபியை அதே புள்ளிகளில் மறுபடி போட்டு, போன வருட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.